அருணகிரியின் சாதுக் குதிரை

வாங்க ஆள் வருகிறது என்றால் அருணகிரி விடியும்போதே குதிரையைக் கடற்கரைக்கு ஓட்டிப் போய்விடுவார். கால் புதையும் மணலில், நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடவிடுவார். வாயில் நுரை தள்ளித் தலை தொங்கிய பிறகுதான் தோப்புக்குத் திரும்புவார். வியர்வையைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, ஜரிகை வைத்த சிவப்புத் துணியை முதுகில் போர்த்துவார். துணி அழகுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கடல்காற்றில் அது விலகியபோது விலா எலும்புகள் தெரிந்தன.

கடப்பாக்கத்தில் அவருடைய சவுக்குத் தோப்புக்குப் பக்கத்து மனை என்னுடையது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எதையும் இரண்டு முறை சரிபார்ப்பது பழக்கம். அருணகிரி சொல்வதை மட்டும் மூன்று முறை.

முன்பு சென்னை ஓ.எம்.ஆர். சாலை அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் லாரி விட்டவர். இப்போது ராஜஸ்தானத்து மார்வாரி இனக் குதிரை வளர்த்து விற்கிறார். கறுப்புக் கண்ணாடி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஆட்கள் எதிரில் குதிரையின் காதருகே குனிந்து ஏதோ குசுகுசுப்பார். வந்தவர்கள் உருகிப்போவார்கள். நானும் ஒருமுறை நெருங்கிப்போய்க் கேட்டேன். "அடங்குடா டேய், அடங்குடா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

குதிரையின் வம்சத்தைப் பற்றிக் கேட்டால் போதும், மீசை தானாக முறுக்கிக்கொள்ளும். "வெளி ரத்தம் ஒரு சொட்டு கெடியாது மேடம். இதுக்கு அப்பன் நம்ம ஆண்குதுர ராஜா. இதோட ஆத்தாளுக்கும் அப்பன் ராஜாதான். எல்லாம் நம்ம வூட்டுக்குள்ளியே!"

வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொண்டதன் பலன் தோப்பின் பின்பக்கம் கட்டிக் கிடக்கிறது. ஒரு குட்டிக்கு மேல்தாடை நீண்டு, மேல்பல் கீழ்ப்பல்லோடு சேராது. கடித்த புல்லில் பாதி கீழே விழும். கவனிப்பும் இல்லை; இன்னொன்றுக்குக் குளம்பைச் சீவிவிட ஆளில்லாமல் அது முன்னால் வளைந்து கிடக்கிறது. தாய்க் குதிரை ராணியோ, ஒரு குட்டி பால் மறப்பதற்குள் அடுத்ததைச் சுமக்கத் தொடங்கிவிடுகிறது. "இதுகளை எப்பத்தான் பழக்குவீங்க?" என்று கேட்டேன். "பழக்கறதுக்கு இன்னா கீது மேடம்? வாங்கறவன் ஏறி உக்காந்தா தானா பழகிடும்."

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வாங்க வந்தவன் என் தங்கை மகன் ஹேமந்த். நாவலூரில் ஐ.டி. வேலை. செல்போனில் அருணகிரி போட்ட ரீல் வீடியோவைப் பார்த்து மயங்கி, எட்டு வயது மகள் ஸ்வாதிக்குக் குதிரை வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டான். குதிரை தோப்பிலேயே நிற்கும், சனி ஞாயிறு வந்து ஓட்டலாம் என்று ஏற்பாடு. விடியற்காலையில் மணலில் ஓட்டிக் களைக்க வைப்பதை நான் முன்பே சொல்லியிருந்தேன். "உங்களுக்கு எல்லார் மேலயும் டவுட்டு பெரிம்மா" என்று சிரித்தான்.

அன்றும் தலை தொங்கி நின்றது குதிரை. "ஆட்டுக்குட்டி மாதிரி சார். கொயந்த கூட ஏறலாம்" என்றார் அருணகிரி. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது; இது காசு கொடுத்து வாங்குவது. வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். "இப்ப வோணாம் மேடம், கூச்சப்படும்."

சரி, களைப்பு தீர்ந்தால் அதன் குணம் தெரியட்டும் என்று வேறு வழி பிடித்தேன். "பாவம், களைச்சிருக்கு. தண்ணி காட்டுங்க. கொஞ்ச நேரம் நிழல்ல நிக்கட்டும், அப்புறம் பாப்பா ஏறட்டும்."

அருணகிரியின் முகம் சுருங்கியது. "இன்னாத்துக்கு மேடம்? வெயில் ஏறிகினே கீது. இப்பவே ஏறட்டும்."

நான் விடவில்லை. எல்லாருக்கும் இளநீர் வெட்டச் சொல்லி நேரத்தைக் கடத்தினேன். குதிரை தண்ணீர் குடித்தது. தலை மெல்ல நிமிர்ந்தது. காதுகள் பின்னால் படிந்தன. பின்னங்கால் மண்ணைக் கீறியது. அருணகிரி கயிற்றை மரத்தோடு இழுத்துக் குட்டையாகக் கட்டினார். ஹேமந்த் இதையெல்லாம் பார்க்காமல் படம் எடுக்க செல்போனைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவன் மனைவி பிரதீபாதான் என்னையே பார்த்தாள்.

"வாம்மா கண்ணு" என்று அருணகிரி ஸ்வாதியின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். "வேண்டாம், இறக்குங்க!" என்று நான் கத்தினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில் அவருடைய ஐந்து வயது மகள் வீட்டிலிருந்து ஓடி வந்தாள். "நைனா, நானும்! நானும் குதுர!" நேராகக் குதிரையின் பின்பக்கமாக வந்தாள்.

"பின்னால போவாதடீ! அங்கியே நில்லு!" அப்படியொரு குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. ஸ்வாதியைக் குதிரைக்குப் பக்கத்திலேயே பொத்தென்று இறக்கிவிட்டு ஓடி, மகளை வாரித் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. பிரதீபா பாய்ந்து ஸ்வாதியை இழுத்துக்கொண்டாள். ஹேமந்தின் கையிலிருந்த செல்போன் தாழ்ந்தது.

"கொயந்த கூட ஏறலாம்னீங்களே. முதல்ல உங்க பொண்ணை ஏத்துங்க, பார்க்கிறோம்" என்றாள் பிரதீபா.

"இவுளுக்குக் குதுரன்னாலே பயம் மேடம்" என்றார் அருணகிரி. தோளில் இருந்த குழந்தை இரண்டு கைகளையும் குதிரைப் பக்கம் நீட்டி எம்பிக்கொண்டிருந்தது. அவர் அதன் கணுக்கால்களை இறுகப் பிடித்துக்கொண்டு இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்தார்.