மூன்றாவது படியில் அணைந்த விளக்கு

இது கட்டுக்கதை இல்லை. நிரூபா தன் பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணிச் சொன்னது. அவள் லேசில் பயப்படுகிற ஆளும் இல்லை. காற்றுக்குக் கதவு அடித்தால் கதவையே ஏசிவிட்டுப் போகிறவள். நம்பாதவர்கள் இதோடு நிறுத்தலாம். வாசிப்பவர்கள் லைற்றைப் போட்டுவிட்டு வாசியுங்கள்.

போன மாரி. இந்தக் குளிர் தேசத்து வெக்ஸ்போர்ட்டில் பெய்த மழை விழுந்த இடத்திலேயே ஐஸாக உறைந்தது. மரக்கொப்புகள் முறிந்து கம்பிகள் அறுந்தன. கரண்ட் போய் இரண்டாவது நாள். ஹீற்றரும் இல்லை. கணவன் கிருபன் தூரத்தில், ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் வேலையில் இருந்தான். வீட்டில் நிரூபாவும் எட்டு வயது மகள் அட்சயாவும் மட்டுந்தான். வாயைத் திறந்தால் வீட்டுக்குள்ளேயே புகை வந்தது.

நிரூபா அசரவில்லை. சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஐந்தாறு வருடம் கரண்ட் இல்லாமலே வளர்ந்தவள். கோடையில் காம்பிங்குக்கு வாங்கி மிஞ்சிய மண்ணெண்ணெய், ஒரு ஜாம் போத்தல், பஞ்சுத் திரி. பத்து நிமிடத்தில் விளக்கு ரெடி. பிடிக்கக் கம்பியும் கட்டிவிட்டாள்.

மாலை 4:50. நன்றாக இருட்டிவிட்டது. கிருபன் போன் எடுத்தான்.

"ரோட்டெல்லாம் ஐஸ். வர ரெண்டு மணித்தியாலமாகும். பிள்ளையைக் குளிர விடாதை."

"ஓம், நான் பாக்கிறன். நீங்கள் மெதுவா வாங்கோ."

அத்தோடு போனும் செத்தது.

5:10. மகளை வரவேற்பறையில் படுக்க வைக்கலாம் என்று அறைக்குள் போனாள். போர்வைகள் கிடந்தன. இரண்டு தலையணைகளையும் காணவில்லை.

"அட்சயா, தலகணி எடுத்தனியே?"

"இல்லை அம்மா. ஐ டிட்ன்ற் ரச் இற்."

இருட்டில் எங்கே தேடுவது? விட்டுவிட்டாள்.

5:22. கீழே பேஸ்மென்ற்றில் ஒரு சத்தம். டொக்... டொக்... டொக்...

வீடு வாங்கி நாலு மாதந்தான். பேஸ்மென்ற்றை வாடகைக்கு விடவில்லை. அங்கே ஒரு கதிரைகூட இல்லை. தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டதோ என்று பேஸ்மென்ற் கதவடிக்குப் போனாள். கதவின் கீழ் இடுக்கால் காலில் காற்றுப் பட்டது. சூடான காற்று. கரியடுப்பு மணம் வேறு.

ஹீற்றர் இல்லாத வீட்டில் சூடு எங்கிருந்து வரும்?

5:31. கீழேயிருந்து குரல் வந்தது. வயதான ஆம்பிளைக் குரல். அச்சொட்டான யாழ்ப்பாணத் தமிழ்.

"பிள்ளை... சத்தம் கேக்குது. கெதியா இறங்குங்கோ."

வேறு யாரென்றாலும் வாசலால் ஓடியிருப்பார்கள். நிரூபா கதவைத் திறந்துவிட்டாள். அந்தக் காலத்தில் ஷெல்லடி நேரம் அப்படி ஒரு குரல் கேட்டால் யார் எவர் என்று கேட்பதில்லை. மண்ணில் வெட்டிய பங்கருக்குள் இறங்குவதுதான். முப்பது வருடம் கழித்தும் உடம்பு அதை மறக்கவில்லை. பாழாய்ப்போன பழக்கம்!

ஆனால் அதோடு சேர்ந்த இன்னொரு பழக்கமும் இருந்தது. பங்கருக்குள் ஆள் இறங்க முன் விளக்கை இறக்க வேண்டும். உள்ளே பாம்பு கிடக்கும். சிலவேளை மூச்சு விடக் காற்றும் இருக்காது.

அட்சயாவும் பக்கத்தில் வந்து நின்றாள். கம்பியில் சால்வையைக் கட்டி, விளக்கை மெல்ல இறக்கினாள்.

முதலாம் படி. எரிந்தது.

இரண்டாம் படி. எரிந்தது.

மூன்றாம் படி... அணைந்தது.

காற்று அடிக்கவில்லை. திரியை யாரோ விரலால் நசுக்கியது போல அணைந்தது.

மேலே இழுத்தாள். கொளுத்தினாள். மறுபடி இறக்கினாள்.

மூன்றாம் படி. சுடர் சுருங்கியது. அணைய முதல் ஒரு கணம் கீழே வெளிச்சம் விழுந்தது.

சீமெந்து நிலம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தலையணை.

அவளுடையவை.

இருட்டு.

"விளக்கு வேண்டாம் பிள்ளை... இஞ்சை சூடாயிருக்கு..."

நெருப்புக்குச்சியை உரசினாள். ஒன்று முறிந்தது. இரண்டாவது பற்றியது.

பக்கத்தில் நின்ற அட்சயாவைக் காணவில்லை.

"அட்சயா!"

"கீழ வோர்மா இருக்காம் அம்மா. அங்கிள் சொல்றார்..."

நாலாவது படியிலிருந்து.

"மகள் வந்திட்டா," என்றது குரல். "நீங்களும் வாங்கோ..."

நிரூபா பாய்ந்தாள். ஜக்கற்றின் தொப்பி கையில் அகப்பட்டது. இழுத்தாள்.

கீழேயிருந்தும் இழுத்தது.

"என்ரை பிள்ளையை விடு!"

தையல் கிழிந்தது...

விட்டது.

செருப்பும் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐஸில் விழுந்தெழும்பி, எதிர்வீட்டுக் கமலாம்பிகை அன்ரியின் கதவில் போய் அடித்தாள். அப்போது நேரம் 5:40.

பேஸ்மென்ற்றில் யாரோ நிற்கிறார்கள் என்றுதான் சொல்ல முடிந்தது. தலையணையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அன்ரி இருவரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஏன் பிள்ளை, வீடு விக்கேக்கை உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஐஸ் மழை. கரண்ட் இல்லை. பேஸ்மென்ற்றில் குலசிங்கம் என்று ஒருவர் தனியாக வாடகைக்கு இருந்தார். குளிருக்குக் கரியடுப்பை உள்ளே மூட்டி, கதவு இடுக்கெல்லாம் துவாய்த் துணியால் அடைத்துவிட்டுப் படுத்தார். ஊரில் என்றால் ஓட்டு வீடு, புகை போய்விடும். இங்கே எங்கே போகும்? மூன்றாம் நாள்தான் கதவை உடைத்தார்கள்.

"ஊரில ஷெல்லடி நேரம் அவர்தான் முதல் பங்கருக்குள்ள இறங்கினவராம். மனிசியும் மகளும் இறங்க முன்னம் விழுந்திட்டுது. 'நான் கூப்பிடக் கூப்பிட வரேல்லை' எண்டு சொல்லிச் சொல்லி அழுவார். செத்துக் கிடக்கேக்கை, பக்கத்தில ரெண்டு தலகணி போட்டிருந்தது."

நிரூபா அட்சயாவை இன்னும் கிட்ட இழுத்தாள்.

7:05க்குக் கிருபன் வந்தான். விசர்க்கதை என்று ஏசிக்கொண்டே ரோர்ச்சுடன் பேஸ்மென்ற்றில் இறங்கினான். அங்கே கரியும் இல்லை, அடுப்பும் இல்லை. சுவரில் ஐஸ் பிடித்திருந்தது. இரண்டு தலையணைகளையும் தூக்கிக்கொண்டு அன்ரி வீட்டுக்கு வந்தவன் முகத்தில் இரத்தமே இல்லை. அவற்றை நிரூபாவின் மடியில் வைத்தான்.

அவளுடைய தலையணை ஐஸாய்க் குளிர்ந்தது.

அட்சயாவினது, யாரோ இப்போதுதான் தலை வைத்து எழும்பியது போல, சூடாக இருந்தது.