சாதகம் அடிக்க வாங்கிய பிரிண்டர்

வீடு வீடாகப் போய் வைஃபை பிரிண்டர் பொருத்திப் பூட்டிக் கொடுக்கிறவனை மை முடிந்தாலும் கூப்பிடுவார்கள், கரண்ட் போனாலும் கூப்பிடுவார்கள். பிரிண்டர் வைத்து அவதிப்படுகிற அன்பர்களே, சண்டைக் காலத்தின் கடைசி வருடங்களில், திருகோணமலையில் நான் பட்டதையும் கேளுங்கள்.

கடையும் கதையும்

அன்புவழிபுரத்தில் செல்லத்துரை அண்ணை பிரிண்டர் வாங்கியது மகளின் சாதகம் அடிக்க. நிலாவெளி மாப்பிள்ளை வீட்டார் படத்தோடு கேட்டிருந்தார்கள். முந்தி வந்த சம்பந்தம் ஒன்று குழம்பியதற்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் பெரியப்பா மகன் நடராசாதான் காரணம் என்பது அண்ணையின் முடிவு. இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு இல்லை. எனக்கும் நடராசாவோடு மனஸ்தாபம்தான். அண்ணை வாங்கிய கடையிலேயே அதே சாதிப் பிரிண்டரை வாங்கிவிட்டு, "ஏழாம் வகுப்புக்காரனுக்கு இது விளங்காது" என்று என்னைச் சொல்லிக் கொழும்பிலிருந்து ஆள் எடுப்பித்தவர் அவர். நான் இன்னும் மறக்கவில்லை.

சாதகத்தை டவுன் கடையில் அடித்தால் என்ன என்று அண்ணையிடம் கேட்டேன்.

"கடையிலை குடுத்தா, தாள் வெளியிலை வர முன்னம் கதை வெளியிலை வந்திடும், தம்பி."

அலுமாரி

வைஃபையின் பெயரை மாற்றினேன், புது பாஸ்வேர்டும் போட்டேன். கடையிலிருந்து வந்த பாஸ்வேர்டை அப்படியே விடுவது வீட்டுத் திறப்புச் சாவியைப் படலைக் கதவில் தொங்கவிடுகிற மாதிரி. பிரிண்டர் வடிவாக வேலை செய்தது.

அடுத்த நாளே என்னைக் கூப்பிட ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் வைஃபை தருகிற ரவுட்டரைக் காணவில்லை. காலையில் நேவி வீடு வீடாகச் சோதனை போட்டதாம். அன்டெனா நீட்டிக்கொண்டிருக்கிற பெட்டியைக் கண்டால் வில்லங்கம் என்று அண்ணையின் மனைவி பரமேசு அக்கா அதை இரும்பு அலுமாரிக்குள், பட்டுச் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியிருந்தார். வயர் மட்டும் கதவு இடுக்கால் வெளியே வந்திருந்தது. இரும்புக்குள்ளால் சிக்னல் வராது, பிரிண்டர் கண்டுபிடிக்காது என்றேன்.

"நேவிக்கே தெரியாதது உன்ரை பிரிண்டருக்கு மட்டும் தெரியவேணுமோ?"

எடுத்து மேசையில் வைத்துவிட்டு வந்தேன். நான் படலை தாண்ட முன்னமே அது திரும்ப அலுமாரிக்குள் போயிருக்கிறது.

கேள்வி கேட்காத வழி

சாதகம் வாங்கத் தரகர் வந்து கதிரையில் இருந்தார். அண்ணை அடித்தார், தாள் வரவில்லை. திரும்பத் திரும்ப அடித்தார். என்னை அவசரமாகக் கூப்பிட்டார்கள். கம்பியூட்டரைப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. எங்கள் வைஃபை அலுமாரிக்குள் மூச்சுத் திணறிக் கிடக்க, அண்ணை சிக்னல் கோடு நாலும் நிறைந்து நின்ற வேறொரு வைஃபையில் ஏறியிருந்தார். அது நடராசாவுடையது. கொழும்பு ஆள் பாஸ்வேர்டே போடாமல் போயிருந்தார். பிரிண்டரும் ஒரே சாதி என்பதால், அனுப்பினதெல்லாம் அந்த வீட்டில் இறங்கியிருக்கும்.

"ஏன் அண்ணை இதைத் தொட்டனீங்கள்?"

"ஊரெல்லாம் மறிச்சு அடையாள அட்டை கேக்கிறாங்கள். இது ஒண்டும் கேக்காமல் விட்டுது. நல்ல சனம் எண்டு நினைச்சிட்டன்."

நீலப் பொம்பிளை

படலை திறந்தது. நடராசா வந்தார், கையில் தாள்கள். அண்ணை கதிரையை விட்டு எழும்பவில்லை. அக்கா அடுப்பை விட்டுக் குசினி வாசலுக்கு வந்து நின்றார். தரகர் காதில் ஒரு சொல் விழுந்தால் போதும், இந்தச் சம்பந்தமும் குழம்பிவிடும்.

நடராசா தாள்களை மேசையில் போட்டார். "என்ரை மிசினிலை மஞ்சள் மையும் சிவப்பு மையும் முடிஞ்சுபோச்சு. பிள்ளை நீலமாய் விழுந்திருக்கிறாள். இதைக் குடுத்தா நிலாவெளிக்காரன் பயந்து ஓடிடுவான். உன்ரையிலை வடிவாய் அடி. எனக்குக் கோவம் உன்னோடை, பிள்ளையோடை இல்லை."

அக்கா போய் அலுமாரியைத் திறந்து ரவுட்டரை வெளியே எடுத்தார்.

கலியாணம் நடந்தது. முன்வரிசையில் இருந்த நடராசா வந்தவர்கள் எல்லாருக்கும் சொன்னது இதுதான்: "என்ரை வைஃபை பூட்டாமல் கிடந்தபடியால்தான் இது சரிவந்தது!"

ஆகவே அன்பர்களே, பாஸ்வேர்டைக் கட்டாயம் போடுங்கள், ஆனால் பூட்டாதவனுக்கு முன்வரிசையும் பூட்டினவனுக்கு, எனக்குக் கிடைத்தது போல, குசினிப் பக்கக் கதிரையும்தான் கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே போடுங்கள்.