மேட்டுத் தெருவில் என் கையெழுத்து

1. மீட்டர் விளக்கு

செல்வராணி வீட்டுக் குடிநீர்க் குழாயை வெட்டத்தான் அன்று காலை ஃபிட்டரையும் கூட்டிக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போனேன். மூன்று வருடமாக வீட்டு வரி கட்டவில்லை, தண்ணீர்க் கட்டணமும் கட்டவில்லை. டிமாண்டு நோட்டீஸ் கொடுத்தும் அசையவில்லை. அந்த அம்மாளுக்குப் பிழைப்பே இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுவது. தண்ணீர் நின்றால் மறுநாளே கிரைண்டரும் நிற்கும். அது தெரிந்துதான் போனேன்.

நான் பில் கலெக்டர். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஒரு பேரூராட்சியில் இருபத்தாறு வருடம் வரி வசூல் செய்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். கூட வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருப்பதால் ஊர் பெயரை எழுதவில்லை. புதிதாக இந்த வேலைக்கு வந்திருப்பவர்கள் இதைப் படித்தால் போதும்.

இந்த வேலையில் எனக்குச் சோறு போட்டது சந்தேகம்தான். கதவு பூட்டியிருந்தால் முதலில் கரண்டு மீட்டரைப் பார்ப்பேன். சிவப்பு விளக்கு வேகமாக மினுக்கினால் உள்ளே ஃபேன் ஓடுகிறது, ஆள் இருக்கிறது என்று அர்த்தம். "வீட்டுக்காரர் மெட்ராஸ் போயிட்டாரு" என்பார்கள். அவர் வண்டி பின்பக்கம் நிற்கும். யார் எந்தக் காரணம் சொன்னாலும் முதலில் பொய் என்று வைத்துக்கொண்டு அப்புறம்தான் விசாரிப்பேன்.

செல்வராணி ஒளியவில்லை. இடுப்பில் சொருகிய புடவையோடு வாசலுக்கு வந்தார்.

"ரோடு போடுங்க சார், வரி கட்றேன். போன வாரம்கூட வண்டி பள்ளத்துல வுழுந்து ரெண்டு பக்கெட்டு மாவு கவுந்து போச்சு. அந்த நஷ்டத்த யாரு தருவா?"

"எல்லாரும் இதத்தாம்மா சொல்றாங்க. வரி கட்டாம ரோடு எங்கேர்ந்து வரும்?"

"அப்போ ரோடு போட்டாச்சுன்னு எதுக்கு எழுதிக் குடுத்தீங்க?"

நான் ஃபிட்டரைப் பார்த்தேன். அவர் கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். தெருவில் ஜல்லி பெயர்ந்து, பள்ளங்களில் முந்தின நாள் மழைத் தண்ணீர் நின்றது.

2. பென்சில் குறி

செல்வராணி உள்ளே போய் ஒரு காகிதக் கட்டை எடுத்துவந்தார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எங்கள் ஆபீஸுக்கே மனுப் போட்டு வாங்கிய பதில். மேட்டுத் தெருவில் தார்ச்சாலை புதுப்பித்து முடித்தாகிவிட்டது என்று இருந்தது. எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான், அதுவும் அந்த அம்மாள் மேல். ஆபீஸ் முத்திரையைப் பார்த்தேன், கடித எண்ணைப் பார்த்தேன். இரண்டும் எங்களுடையவை.

கடைசிப் பக்கம் பணி முடிவு அறிக்கையின் நகல். நேரில் பார்த்ததாகப் பணியாளர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"இந்த ரெண்டாவது கையெழுத்து யாருதுன்னு தெரியுதா சார்?" என்று கேட்டுவிட்டு, அதன் பக்கத்தில் ஒரு பழைய வரி ரசீதை வைத்தார். நான் கொடுத்த ரசீது. இரண்டிலும் ஒரே கையெழுத்து.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. ஃபைலில் எங்கெல்லாம் கையெழுத்து வேண்டுமோ அங்கெல்லாம், ரோடு வேலைகளைக் கவனிக்கும் ஓவர்சீயர் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு, டீ வரும் நேரத்தில் மேஜை மேஜையாக அனுப்புவார். குறி இருக்கும் இடத்தில் போட்டுவிட்டு அடுத்த மேஜைக்குத் தள்ளுவோம். எந்தத் தெரு என்றுகூட நான் படித்ததில்லை. ஊர் முழுக்க மீட்டர் விளக்கை எட்டிப் பார்த்த எனக்கு, அடுத்த மேஜையிலிருந்து வந்த காகிதத்தின் மேல் ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை. அன்று செல்வராணி முன்னால் எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போனது.

"போட்டுக்கினு போயிட்டீங்க. நாங்க வுழுந்துக்கினு கெடக்கறோம்" என்றார். சத்தம்கூடப் போடவில்லை.

குழாயை வெட்டாமல் திரும்பினோம்.

3. ஆபீஸில்

செயல் அலுவலரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"நீங்க மட்டுமா போட்டீங்க? எல்லாரும்தான் போட்டோம். ரிட்டயர்டு ஆவ எவ்ளோ நாள் இருக்கு உங்களுக்கு? பென்ஷன வச்சிக்கினு வெளயாடாதீங்க. அந்தம்மாவ கூப்ட்டு நான் பேசிக்கறேன்."

அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். குழாயைக் காட்டித்தான் பேசுவார். அன்று மாலையே, இடத்தைப் பார்க்காமல் கையெழுத்திட்டேன் என்று எழுதி, விழுப்புரத்தில் இருக்கும் மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை.

மெமோ எனக்கு மட்டும் வந்தது. எழுத்தில் ஒப்புக்கொண்டவன் நான் ஒருவன்தானே! ஒரு இன்கிரிமெண்ட் போயிற்று. ஓவர்சீயரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். விசாரணைக்குப் பயந்து, போடாத ரோட்டுக்குப் பில் போட்டிருந்த கான்ட்ராக்டர் தார் வண்டியோடு வந்து இறங்கினார்.

4. தெருவின் கடைசி வரை

ரோடு போட்ட மறுநாள் புது ஓவர்சீயர் ஃபைலோடு என் மேஜைக்கு வந்தார். அதே பென்சில் குறி.

"ஜல்தியா போடுங்க சார், கான்ட்ராக்டர் பில்லு பாஸாவணும்."

"பாத்துட்டு வந்து போடறேன்" என்று டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

மேட்டுத் தெரு முனையில் ரோடு பளபளவென்று இருந்தது. செல்வராணி என்னைப் பார்த்ததும் கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தார்.

"அந்த முனையப் பாத்துட்டுப் போயிடாதீங்க. எங்கூட கடைசி வீடு வரைக்கும் நடங்க."

நடந்தோம். கடைசி மூன்று வீட்டு வாசலில் தாரே இல்லை. பழைய பள்ளத்தில் மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். அளந்து, இத்தனை அடி போடவில்லை என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். பில் நின்றது. ஒரே வாரத்தில் மிச்சத்தையும் போட்டார்கள். அதையும் போய்ப் பார்த்தேன்.

மறுநாள் செல்வராணி ஆபீஸுக்கு வந்து மூன்று வருட பாக்கியையும் கட்டினார். ரசீதை மடித்து வைத்துக்கொண்டு, போகாமல் நின்றார்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க சார். மனசு கேக்காம வந்து அளந்தீங்களா, இல்ல நான் மறுபடியும் மனு போடுவேன்னு பயந்துக்கினு வந்தீங்களா?"

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்குப் பயந்துதாம்மா வந்தேன்" என்றேன். உண்மை அதுதான். அந்தப் பயம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு வந்திருக்க வேண்டும்.