கோபம் என்று சொல்லிவந்தது

அபிராமபுரத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்ந்தவள் ஐரின் டீச்சர். கெட்ட எண்ணத்துக்கு எத்தனை சொல் உண்டோ அத்தனையையும் தரம் பிரித்து வைத்திருந்தாள். கடுப்பு, ஒரு வேளை சாப்பிட்டால் போய்விடும். மனத்தாங்கல், எதிராளி ஒரு நடை வீட்டுக்கு வந்து போனால் தீரும். பகை நேருக்கு நேர் நிற்கும். காழ்ப்பு அப்படியில்லை, காழ் என்றால் மரத்தின் உள்வைரம், அது இறுக வருஷக்கணக்கு ஆகும். வன்மமோ சிரித்துக்கொண்டே காத்திருக்கும். ஊருக்கெல்லாம் பொருள் சொன்னவள், தன் நெஞ்சில் கிடந்ததற்கு மட்டும் கோபம் என்று பெயர் வைத்திருந்தாள். கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்திலும் அதையே சொல்வாள். கோபம் சின்னப் பாவம்தானே!

அந்தக் கோபம் தம்பி மனைவி ஈவ்லின் மேல். ஐரினின் மகள் லிசாவுக்கு வந்த நல்ல வரன், "அவளுக்கு வலிப்பு வரும்" என்று ஈவ்லின் போட்டுவிட்ட ஒரு வார்த்தையில் திரும்பிப் போயிற்று. லிசாவுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. பெற்ற வயிறு எரியாதா?

இப்போது ஈவ்லினின் மகன் ஜாஸ்பருக்குக் கல்யாணம். கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று அறிவிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும். இரண்டாம் ஓலை வாசித்த அன்று, பூசை முடிந்ததும், ஆதம்பாக்கத்திலிருந்து வந்திருந்த பெண்ணின் அம்மா நேரே ஐரினிடம் வந்தார்.

"டீச்சர், நீங்க பையனோட அத்தை. உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டாத்தான் எனக்கு மனசு ஆறும். பையன் எப்படி?"

மாதா சிலை வைத்த கெபி அருகே நின்ற ஈவ்லின் கை கூப்பாத குறையாக ஐரினையே பார்த்தாள்.

ஜாஸ்பர் நல்ல பிள்ளை. ஐரின் பொய் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் தயங்கினாள், பெருமூச்சு விட்டாள். "எங்கிட்ட ஏம்மா கேக்குறீங்க? நான் சொன்னா நல்லா இருக்காது."

அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. "புரியுது டீச்சர்" என்று வாசலைப் பார்த்து நடந்தார். ஐரினின் நெஞ்சு, வெயிலில் மோர் குடித்த மாதிரி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியே அவளைப் பயமுறுத்தியது. கோபம் எரியுமே, இப்படிக் குளிராதே! இத்தனை வருஷமாகத் தனக்குள் கிடப்பது கோபமே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

புடவைத் தலைப்பு சரிய ஓடினாள். ஆட்டோவில் ஒரு காலை வைத்துவிட்ட அந்த அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"இறங்குங்கம்மா. ஜாஸ்பர் தங்கமான பையன். அவங்கிட்ட ஒரு குத்தமும் இல்ல."

"அப்போ ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீங்க?"

பின்னாலேயே ஓடிவந்த ஈவ்லின் மூச்சு வாங்க நின்றாள். அவள் எதிரில் இதைச் சொல்வதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது ஐரினுக்கு.

"வன்மம்" என்றாள். "இவ என் பொண்ணுக்குப் பண்ணினதை இவ பிள்ளைக்குப் பண்ணப் பார்த்தேன்."

அந்த அம்மா ஈவ்லின் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன பண்ணினீங்க?"

"அது எங்க வீட்டு விஷயம், விடுங்க" என்று ஐரின் பதறிக் குறுக்கே வந்தாள். ஈவ்லின் அவளை விலக்கினாள்.

"லிசாவுக்கு வலிப்புன்னு சொன்னேன். வந்த வரன் கலைஞ்சிடுச்சு. அது பொய்ங்க."

ஐரின் இத்தனை வருஷம் ஏங்கிய வார்த்தை அது. அந்த அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த வீட்டுக்கா என் பொண்ணை அனுப்பப் பார்த்தேன்?" என்று சொல்லி ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு சாமியார் ஜாஸ்பரின் ஓலையை வாசிக்கவில்லை. ஐரின் வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஈவ்லின் அழவில்லை; அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.