பிள்ளையார் சுழிக்குக் கீழே ஓர் ஆம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிவிட்டது. முதலில் வெட்கம். அப்புறம், என் வேனில் வந்த பெண்களின் வீட்டார் படித்தால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். அதற்கும் அப்புறம், நான் எட்டாவது வரை மட்டும் படித்தவன், சாமி விஷயத்தை ஏடாகூடமாக எழுதிவிடுவேனோ என்ற தயக்கம். போன வாரம் என் மனைவி சொன்னாள்: "நாலு வரி எழுத நாலு வருசமா? அதுக்குள்ள பூந்தமல்லிக்கு மெட்ரோ பாலமே கட்டிட்டாங்க." அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

நான் வேன் ஓட்டுகிறவன். காலையில் கோவில்பதாகையில் பதினொரு பெண்களை ஏற்றிக்கொண்டு, சென்னீர்குப்பம் பக்கம் இருக்கும் ஒரு துணிக் கம்பெனியில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்ப அழைத்து வர வேண்டும். இதுதான் என் பிழைப்பு. எனக்குச் சர்க்கரை வியாதி வந்து பல வருஷம். தினமும் காலையில் ஒரு மாத்திரை. அதோடு எனக்கு முருகன் பக்தி உண்டு. மாதாமாதம் கிருத்திகைக்கு விரதம், சாயங்காலம் விளக்கு வைக்கும் வரை தண்ணீர் மட்டும்தான்.

இந்த இரண்டும் ஒரே நாளில் வந்தால் என்ன செய்வது என்று நான் யாரையும் கேட்கவில்லை. நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன். மாத்திரையைத் தவறவிடக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னார், அதனால் மாத்திரை உண்டு. முருகனுக்காகச் சாப்பாடு கிடையாது. இரண்டு பேருக்கும் திருப்தி. மாத்திரை என்பது சாப்பாட்டில் சேருமா என்று மட்டும் முருகனை நினைத்து ஒரு தடவை யோசித்தேன், சேராது என்று எனக்கே பதில் வந்தது. "விரதத்துக்கு மாத்திரதான் நைவேத்தியமா?" என்று என் மனைவி கேலி செய்வாள். மாத்திரை சர்க்கரையை இறக்கிவிடும், அதைப் போட்ட உடம்பு சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கிருத்திகை அன்று கை லேசாக நடுங்கும், வேர்க்கும். அதை நான் பக்தி என்று நினைத்திருந்தேன்.

ஒரு கிருத்திகை அன்று காலை, பூந்தமல்லிக்கு முன்னால் ஒரு சிக்னலில் வேன் நின்றது. அந்தப் பதினொரு பேரில், என் பக்கத்து சீட்டில் எப்போதும் உட்காருகிறவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், எங்கள் தெருக்காரி. வாய் ஓயாது. பச்சை விழுந்தது. நான் எடுக்கவில்லை.

"இன்னாண்ணா, பச்சை உழுந்துட்ச்சி. வெத்தலை பாக்கு வெச்சி கூப்பிடணுமா?"

அவள் பேசுவது கேட்கிறது. எனக்குத்தான் பதில் வரவில்லை. முன்னால் ஓரமாக ஸ்டாப்பில் நின்ற பஸ்ஸின் பின்பக்கம் தண்ணீருக்குள் இருப்பது மாதிரி ஆடியது. பிரேக்கில் இருந்த என் கால் தானாகத் தளர்ந்து, வேன் மெதுவாக உருள ஆரம்பித்தது. வேனுக்கு நேர் முன்னால் பைக்கில் குழந்தையோடு ஒருவர் குறுக்கே போய்க்கொண்டிருந்தார். தங்கச்சி கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வண்டி உதறி நின்றது. பின்னால் பத்துப் பேரும் கத்தினார்கள்.

"மூஞ்சப் பாரு, குளிச்சா மாரி வேர்த்துகினு கீது. சர்க்கரை எறங்கிடுச்சி, எங்க அம்மாவுக்கு இப்டிதான் ஆவும்," என்றாள். வண்டியின் முன்பக்கம் முருகன் படத்தடியில் ஒரு டப்பாவில் பிரசாதக் கல்கண்டு இருக்கும். அதை எடுத்து என் வாயருகே கொண்டுவந்தாள். நான் அந்த நிலையிலும் தலையை ஆட்டினேனாம்.

"வேணாம்... கிருத்திகை..."

"முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ வாயத் தொற."

தொறந்தேன். கொஞ்ச நேரத்தில் பஸ் பஸ்ஸாகத் தெரிந்தது. பைக்கில் வந்தவர் போயே போய்விட்டார், அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் பின்னால் உட்கார்ந்திருந்த குழந்தையின் சிவப்புத் தொப்பி மட்டும் எனக்கு இன்று வரை தெரிகிறது.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று பதினொரு பேரிடமும் சத்தியம் வாங்கினேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி ஒரு தட்டு இட்லியை வைத்துக்கொண்டு நின்றாள். "வாங்க, கல்கண்டு சாமியாரே," என்றாள். கண் சிவந்திருந்தது. அதற்கு மேல் அன்று அவள் கேலி செய்யவில்லை.

அது நடந்து மூன்றாவது வாரம் என் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தது. எங்கள் பக்கத்தில் இந்த வேலையெல்லாம் டிரைவிங் ஸ்கூல்காரர் கையில். அவர் கடையில் படிவங்கள் கட்டாக இருக்கும். உடம்பைப் பற்றிய கேள்விகளுக்கு எல்லாம் 'இல்லை' என்று ஒரு தடவை டிக் போட்டு, அதையே ஜெராக்ஸ் எடுத்து வைத்திருப்பார். ஊரில் ஒருத்தருக்கும் ஒரு வியாதியும் கிடையாது. நாம் கையெழுத்து போட்டால் போதும்.

எனக்கு ஒரு பழக்கம். எந்தக் காகிதம் கையில் வந்தாலும் மேலே பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் பேனா ஓடும். மளிகைச் சீட்டானாலும் சரி, கேஸ் சிலிண்டர் புக் ஆனாலும் சரி. அன்றும் படிவத்தின் மேல் மூலையில் சின்னதாக 'உ' போட்டேன். போட்டுவிட்டுக் கீழே பார்த்தேன். முதல் கேள்வியே, வலிப்போ, திடீரென்று நினைவு தப்புவதோ, தலைசுற்றலோ உண்டா என்பது. அதற்கு நேராக 'இல்லை'.

பிள்ளையாரைக் கூப்பிட்டு மேலே உட்கார வைத்துவிட்டு, அவருக்குக் கீழேயே பொய்க்குக் கையெழுத்து போட எனக்குக் கை வரவில்லை. போன தடவையும் இதே மாதிரி போட்டவன்தான் நான். அப்போது படிக்கவில்லை, அவ்வளவுதான்.

"இன்னா நைனா, பேனா எழுதலியா?" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

"இந்த மொதல் கேள்வி..."

"உனக்கு வலிப்பு கீதா?"

"இல்ல. தல சுத்திச்சி ஒரு நாளு. வண்டில."

"கல்யாணம் ஆன எல்லாருக்கும் தல சுத்தும் நைனா. அதெல்லாம் எழுதினா நாட்ல ஒருத்தன் வண்டி ஓட்ட முடியாது. போடு."

"டிக் போடாத பேப்பர் ஒண்ணு குடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமான்னு போட்டா லைசென்ஸ் போச்சு. அப்புறம் சோத்துக்கு முருகன் வருவாரா?"

அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. வேன் போனால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று தெரியாமல்தான் அங்கே நின்றேன். ஆனால் சிவப்புத் தொப்பியும் தெரிந்தது. டிக் போடாத படிவம் வாங்கி, 'உ' போட்டு, கீழே 'ஆம்' என்று டிக் போட்டேன்.

மருத்துவச் சான்றுக்கு என் டாக்டரம்மாவிடமே போனேன். நடந்ததைச் சொன்னேன்.

"பட்டினியா மாத்திரை போடச் சொல்லி யார் சொன்னது?"

"நீங்கதாம்மா மாத்திரைய விடக் கூடாதுன்னீங்க."

"சாப்பாட்டை விடச் சொன்னேனா?"

அவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். மூன்று மாதம் சர்க்கரை அளவு எழுதி வரணும், ஒரு தடவைகூட இறங்கக் கூடாது, அதுவரை வண்டியைத் தொடக் கூடாது, அப்புறம்தான் கையெழுத்து என்றார்.

அந்த மூன்று மாதம் வேனை வேறு ஒருவர் ஓட்டினார். தங்கச்சிதான் சூப்பர்வைசரிடம் பேசி, அவள் கம்பெனியிலேயே எனக்குப் பெட்டி ஒட்டும் வேலை வாங்கிக் கொடுத்தாள். நான் ஓட்டிய வேனிலேயே கடைசி சீட்டில் உட்கார்ந்து போனேன். ஒவ்வொரு சிக்னலிலும் அவள் முன்னாலிருந்து திரும்பி, "அண்ணா, பச்சை உழுந்துட்ச்சி, எடுக்கச் சொல்லட்டா?" என்பாள். வேனே சிரிக்கும். நானும்தான்.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா கையெழுத்து போட்டார். ஆர்.டி.ஓ. ஆபீசில் கவுண்டரில் இருந்தவர் என் படிவத்தை இரண்டு தடவை பார்த்தார். "தப்பா டிக் பண்ணிட்டீங்களா?" என்றார்.

"இல்ல சார். தெரிஞ்சிதான் போட்டேன்."

டாக்டர் சான்றைப் படித்தார், நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார், உள்ளே அதிகாரியிடம் போய்விட்டு வந்தார். நான் அதற்குள் அறுபடை வீட்டையும் மனசில் சுற்றி வந்துவிட்டேன். லைசென்ஸ் கிடைத்தது. அடுத்த கிருத்திகைக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு வண்டி எடுத்தேன். அதற்குப் பதிலாக அன்று முழுக்க டிவி பார்ப்பதில்லை என்று வேண்டிக்கொண்டேன். "இதுதான் கஷ்டமான விரதம்," என்றாள் மனைவி. கல்கண்டு டப்பா இப்போதும் வண்டியில் இருக்கிறது. தங்கச்சி பாதியைக் காலி செய்துவிடுகிறாள்.

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஊரில் வேறு மாதிரி ஓடுகிறது. முருகனே பக்கத்து சீட்டில் வந்து பிரேக் போட்டார் என்கிறார்கள். விரதம் இருந்ததால் சர்க்கரையே போய்விட்டது என்கிறார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் இன்னும் ஒரு படி மேலே. "மேல பிள்ளையார் சுழி போடு, லைசென்ஸ் நிச்சயம்," என்று எல்லோரிடமும் சொல்கிறார். இப்போது ஜெராக்ஸிலேயே 'உ' வந்துவிடுகிறது. கீழே அதே 'இல்லை'.

முருகன் வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தங்கச்சியை என் பக்கத்தில் உட்கார வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் பிரேக்கை இழுத்தது அவள் கை, வியாதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, மாத்திரை போட்டால் சாப்பிட வேண்டும். அதனால் இதை யாருக்காவது சொல்வதாக இருந்தால், கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், நான் எழுதியபடியே சொல்லுங்கள். எதையும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். முக்கியமாக, சுழியை மட்டும் எடுத்துக்கொண்டு 'ஆம்' என்பதை விட்டுவிடாதீர்கள்.