பிலோமினா அக்காவின் நிலுவைச் செடி

சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது, அகவிலைப்படி உயரக்கூடும் என்பது. இரண்டாவது, பதிவறைக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற பிலோமினா அக்கா விடியற்காலையில் காலமானார் என்பது. அதன்பின் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. எந்தக் கை எந்தச் செய்திக்கு என்று பிரித்தறிய முடியவில்லை. அக்கா இருந்திருந்தால் பிரித்து, எண் போட்டு, நாடா கட்டி வைத்திருப்பார்.

மறுநாள் உவரியில், அவர் பிறந்த கடற்கரையில், அடக்கம் செய்தோம். அவரை அறிந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். அறியாதவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

படகுக்காரர் ஒருவரின் மகளாகப் பிறந்து, பாளையங்கோட்டைக்குப் படிக்க வந்து, அங்கேயே அரசு வேலையில் சேர்ந்தவர் அக்கா. திருமணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களிடம், "விண்ணப்பம் எதுவும் முறைப்படி வரல" என்பார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் ஆண்ட பதிவறையில் ஒரு காகிதமும் காணாமல் போனதில்லை. இதைச் சாதனை என்று சொன்னால் அரசு அலுவலகத்தை அறியாதவர்களுக்குப் புரியாது, அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றால் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. முந்தைய நாளே, என்னவென்று தெரியாத எல்லாவற்றையும் அள்ளிக் கண்ணுக்கு மறைவாகக் கொட்டிவிட்டுத் தரையைக் கழுவிவிடுவோம். நான் அதில் கைதேர்ந்தவன். அந்த நாட்களில் அக்கா பதிவறை வாசலை அடைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"என்னன்னு தெரியலன்னா அது குப்பையா தம்பி? தெரியாதது உங்க குத்தம்லா?"

ஓய்வு பெற்ற பிறகு, குளிர்நாடு ஒன்றில் நர்சாக இருக்கும் தங்கை மகள் அவருக்கு ஒரு விதைப் பொட்டலம் அனுப்பினாள். வெர்பினா என்று பெயர். ஆள் உயரம் வளரும், பல ஆண்டு நிற்கும், காற்றுப் போல இருக்கும் என்று உறையில் எழுதியிருந்தது. விதைகள் சீரகத்தை நாலாக ஒடித்த அளவு. ஒரு தும்மலில் மொத்தமும் போய்விடும்.

அக்காவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கோப்புத் திறந்தார். மேலதிகாரிகளுக்கு மட்டுமே உரிய, கண்காணிப்பாளர்களுக்குக் கிடைக்காத, பச்சை மையில் எழுதும் உரிமையை, ஓய்வுக்குப் பின் தமக்குத் தாமே வழங்கிக்கொண்டிருந்தார். அந்த மையில் முதல் பக்கம் இப்படி இருந்தது: "உறைபனிக் காலம் முடிந்தபின் விதைக்குமாறு உறையில் காண்கிறது. இவ்வூரில் உறைபனி இல்லை. மாற்றாக மார்கழி ஏற்கப்படுகிறது."

முதல் தடவை எல்லோரும் செய்வதுபோல் விதைத்து, மேலே மண் தூவி மூடினார். நாற்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாற்பத்தோராம் நாள் விதைக்குக் குறிப்பாணை அனுப்பினார். "பொருள்: விதை – முளைக்காமை – விளக்கம் கோருதல் – தொடர்பாக." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விளக்கம் வராததால் உறையை மறுபடி படித்தார். இந்த விதை வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும், மூடக்கூடாது, அதற்கு முன் கொஞ்ச நாள் குளிரில் இருக்கவேண்டும் என்று சின்ன எழுத்தில் இருந்ததைக் கண்டுபிடித்தார். அடுத்த மார்கழி வரை காத்திருந்தார். உறையில் மீந்திருந்தவற்றில் ஈரத்துணியில் முடிந்த கொஞ்சம் விதைகள் சாளை மீனுக்குப் பக்கத்தில் இரண்டு வாரம் பிரிட்ஜில் இருந்தன. அதன்பின் நாலு முளைத்தன.

"தூரப் போட்டிருக்கலாமேக்கா, போன வருசமே?" என்றேன்.

"முளைக்காத விதைய எப்படித் தூரப் போட? அது நிலுவைல இருக்கு தம்பி. அவ்வளவுதான்."

நாலும் வளர்ந்தன. வளர்ந்தன என்பது மரியாதைச் சொல். சதுரமான, சொரசொரப்பான குச்சிகள் நாலு நின்றன. இலை இருந்தும் இல்லாத மாதிரி. அடுத்த வீட்டுப் பேச்சியம்மாள் மதில் வழியே எட்டிப் பார்த்து விசாரணை நடத்தினார்.

"இதுல என்ன காய்க்கும்?"

"ஒண்ணும் காய்க்காது."

"பூவத் தலையில வைக்கலாமா?"

"நிக்காது."

"சாமிக்கு?"

"கேட்டுப் பாக்கணும்."

"அதுக்கு ஒரு முருங்கையாவது வச்சிருக்கலாம்லா!"

ஆனி மாதத்தில் அக்காவுக்கு மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இருதய வால்வு கெட்டிருந்தது. அறுவை சிகிச்சையை உடம்பு தாங்காது என்றார்கள். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். நோயாளி வீடு திரும்பும்போது வீடு பளிச்சென்று இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பழைய அலுவலக உதவியாளர் கோமதிநாயகத்தைக் கூட்டிக்கொண்டு போய், ஆய்வுக்கு முந்தைய நாள் வேலையை அப்படியே செய்தேன். முற்றத்தில் ஒரு புல் மிஞ்சவில்லை. பிடுங்கியதையெல்லாம் சாக்கில் கட்டித் தெருமுனையில் குப்பை வண்டிக்கு வைத்தோம்.

ஆட்டோவிலிருந்து இறங்கிய அக்கா முற்றத்தைப் பார்த்தார்.

"இங்கன நாலு செடி நின்னுதே?"

"அந்தக் குச்சியாக்கா? நுனியெல்லாம் கருத்துப் போய்க் கிடந்துது. பிடுங்கியாச்சு."

"வேரோட எடுத்துட்டோம்மா," என்றார் கோமதிநாயகம், குறை வைக்கக்கூடாதே என்று. "இனி வரவே வராது."

"வேரோடயா?"

"வேரோட."

"நல்லது," என்றார் அக்கா. பிளாஸ்டிக் நாற்காலியில் பைய உட்கார்ந்தார். "வெயில்ல நின்னிருக்கிய. காப்பி போட்டுக் குடிங்க ரெண்டு பேரும்."

தம்ளர் எடுக்க உள்ளே போன நான் மேசையில் திறந்து கிடந்த செடிக் கோப்பைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில் எழுதியது: "நான்கிலும் நுனியில் மொட்டு. கருநிறம். சில நாளில் பூக்கும். பார்க்கவேண்டும்."

தெருமுனைக்கு ஓடினேன். எங்கள் தெருக்களில் குப்பை வண்டி சொன்ன நேரத்துக்கு வந்துபோன ஒரே நாள் அது.

வெறுங்கையோடு திரும்பி வந்து நின்றேன். அக்காதான் பேசினார். "இன்னொரு வெயில் காலம் தாண்டுனா ஆச்சரியம்னு டாக்டர் சொல்லுதாரு. உறையில இன்னும் பதினேழு விதை கெடக்கு. ரெண்டையும் சேத்துக் கணக்குப் போட்டுப் பாருங்க." இதில் கோபம் எங்கே இருக்கிறது என்று தேடினேன். இல்லை. மறுநாள் பச்சை மையில் எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. "களை எனக் கருதிப் பிடுங்கினேன்" என்று விளக்கம் எழுதிக் கொடுத்தேன். "விளக்கம் ஏற்கத்தக்கதன்று. எனினும் தண்ணீர் ஊற்ற ஆள் தேவை" என்று அதன் மேலேயே எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

ஐப்பசியில், முதல் மழை விழுந்ததும், இரண்டு வாரம் பிரிட்ஜில் குளிரவைத்திருந்த பதினேழையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் விதைத்தோம். மார்கழிக்குக் காத்திருக்க இந்த முறை அவர் ஒப்பவில்லை. நான் பழக்கதோஷத்தில் மண்ணை அள்ளினேன்.

"ஏய், மூடாதீங்க! அது வெளிச்சத்தப் பாக்கணும். பைய, பைய. தண்ணியக் கொட்டாதீங்க, இது என்ன ஆத்து மதகா?"

சலூனில் தலைக்குத் தண்ணீர் அடிக்கும் குப்பி ஒன்றை வாங்கி வந்து, தினமும் காலையில் ஆற்றுப் பாலம் தாண்டி அவர் வீட்டுக்குப் போய்ப் பனி போலத் தெளித்துவிட்டு வந்தேன். பதினெட்டாம் நாள் ஒரு பச்சைப் புள்ளி. நான் எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்தேன். அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கே தெரியாத ஒன்றினுள் அவ்வளவு உயரம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அந்த அரை மணி நேரத்தில்தான் நான் முதல் தடவையாக யோசித்தேன். யோசித்தபோது கொஞ்சம் பயமாக இருந்தது.

மொத்தம் ஐந்து முளைத்தன. தை மாதத்தில் அவை இடுப்பளவு நின்றபோது, அக்காவால் முற்றத்தின் மறுமுனைக்கு நடக்க முடியவில்லை. செடிகள் ஏற ஏற அவர் இறங்கினார். எது முந்தும் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நான் ஒவ்வொரு காலையும் முதலில் நுனியைப் பார்ப்பேன், பிறகு அவருடைய வீங்கிய கால்களைப் பார்ப்பேன். அவரும் அதே வரிசையில்தான் பார்த்தார்.

மாசியில் ஒரு நாள் ஏழு மணிக்குப் போன் வந்தது. "வந்துட்டுப் போங்க தம்பி."

போனபோது அக்கா செடிகளுக்கு முதுகு காட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"பூத்திருக்குன்னு பேச்சி சொன்னா. நான் இன்னும் திரும்பல."

"ஏன்க்கா?"

"பிடுங்குன ஆளு மொதல்ல பாக்கட்டும்."

பார்த்தேன். என் தலைக்கு மேலே, தாங்குவதற்கு ஒன்றும் இல்லாததுபோல், சின்னச் சின்ன ஊதாக் கொத்துகள் நின்றன. தண்டுகள் அவ்வளவு மெலிசு. கண் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. செடியின் ஊடாகத் துணிக்கொடி தெரிந்தது, மதில் தெரிந்தது, மேற்கே மலை தெரிந்தது. எதையும் மறைக்காமல், எல்லாவற்றுக்கும் முன்னால் அது நின்றது. நீலக்கோடு போட்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் ஏழெட்டு, எங்கிருந்து சேதி கிடைத்ததோ, அதற்குள் வந்துவிட்டிருந்தன. ஒன்று உட்கார்ந்தால் தண்டு வளைந்தது, எழுந்தால் நிமிர்ந்தது. இத்தனை நாள் தண்ணீர் ஊற்றியது இதற்கா என்று நம்ப முடியாமல் நின்றேன்.

"அறிக்கை குடுங்க வே," என்றார் அக்கா.

"பூத்திருக்குக்கா."

"அவ்வளவுதானா? இதுக்கா உங்களுக்கு இத்தன வருசம் சம்பளம் குடுத்தாவ?"

நாற்காலியைத் திருப்பினேன். அக்கா அண்ணாந்து பார்த்தார். "மாதாவே" என்று ஒரு தடவை சொன்னார். பிறகு வெயில் ஏறும் வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி ஆறிப்போனது. கோப்பும் பேனாவும் எடுத்து வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார். எழுதாமல் அவர் விட்ட ஒரே பதிவு அது என்று நினைக்கிறேன்.

அதன்பின் ஆறு வாரங்கள் அவருக்குக் கிடைத்தன. பங்குனிக் கடைசியில் நான் பார்த்ததே கடைசி. விடைபெற்று வெளியே வந்து வாசல் கதவைச் சாத்தத் திரும்பியபோது, தோளில் துண்டு போட்ட நைட்டியுடன், சுவரைப் பிடித்துக்கொண்டு, அவராகவே நாலு எட்டு நடந்து செடிகளுக்குப் பின்னால் போய் நின்றிருந்தார். காற்று அடித்தது. அவருடைய முகத்துக்கு முன்னால் அந்த ஊதாப் பூக்கள் இப்படியும் அப்படியும் போயின. முகம் ஒரு கணமும் மறையவில்லை. மூச்சு வாங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா, அங்கேயே நில்லுங்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.