வீராம்பட்டினத்துக் கயிற்றில் ஒட்டியிருந்த டயாட்டம்கள்

பதினோரு வருடமாக ஒன்பதாம் வகுப்புக்கு டயாட்டம் நடத்துகிறேன். கண்ணாடி ஓடு போட்ட, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் கடல்பாசி. போன பிப்ரவரியில் தேன்மொழி என்ற மாணவி எழுந்து, "நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்றாள். "ஓ, பாத்திருக்கேனே" என்று கூசாமல் சொல்லிவிட்டேன். பச்சைப் பொய். புத்தகத்துப் படத்தைத் தாண்டி நான் எதையும் பார்த்ததில்லை. "அப்ப திங்கக்கிழமை எங்களுக்கும் காட்டுங்க" என்று மொத்த வகுப்பும் பிடித்துக்கொண்டது. நன்றாக மாட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் பதினான்கு ரூபாய். ஏழே காலுக்குப் புதுச்சேரி. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் நான்கு ரூபாய்க்கு வீராம்பட்டினம். கரையில் மீன் கூடையோடு நின்ற செல்வியக்காவிடம் ஒரு பழைய வேட்டித் துண்டு கேட்டு வாங்கினேன். கடல்தண்ணீரை அதில் பொறுப்பாக வடிகட்டி பாட்டிலை நிரப்பிக்கொண்டு, கசடு தங்கிய துணியை அலசித் திருப்பிக் கொடுத்தேன். சுத்தக்காரி அல்லவா!

புதுச்சேரி டவுனில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் தோழி மேரி மைக்ராஸ்கோப்போடு காத்திருந்தாள். பத்துச் சொட்டு மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஒன்றுமே இல்லை.

"வடிகட்டினியா?" என்றாள் மேரி.

"ஆமா, நல்லா."

"அடிப்பாவி! காபி போடறாப்புல வடிகட்டிட்டு வந்திருக்க. நமக்கு வேண்டியதே அந்தக் கசடுதான்டி!"

மணி பதினொன்று. ஒரு மணிக்கு ஆய்வகத்தைப் பூட்டிவிடுவார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய் மறுபடி வீராம்பட்டினத்துக்கு ஆட்டோ பிடித்தேன். போக வர நூற்றைம்பது ரூபாய், பேரம் பேசவில்லை.

விஷயத்தைக் கேட்டுச் செல்வியக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "இம்மாந்தூரம் அழுக்குக்காவா வந்தீங்க? இன்னா டீச்சர் நீங்க!" முகத்துவாரத்தில் நின்ற தன் வீட்டுப் படகின் நங்கூரக் கயிற்றை இழுத்துக் காட்டினார். பழுப்பு நிறத்தில் வழவழவென்று பாசி. "இத்தக் கண்டாலே எங்களுக்கு ஆவாது, கால வாரி வுட்டுரும். எவ்ளோ வேணுமோ சொரண்டிக்கினு போங்க."

பன்னிரண்டு நாற்பதுக்கு லென்ஸில் கண்ணை வைத்தேன். தங்கப் பழுப்பில் குட்டிக் குட்டிப் படகுகள். ஓரத்தில் மூடி போட்ட சம்புடம் மாதிரி வட்டமாக ஒன்று. அதன் மேல் வரிசை தப்பாத பொடிப் புள்ளிகள். திடீரென்று ஒரு படகு கிளம்பியது. "நகருதுடி!" என்று கத்திவிட்டேன். புத்தகத்தில் அது ஒருநாளும் நகர்ந்ததில்லை. பதினோரு வருடம் இதைத்தான் செத்த படமாக நடத்தியிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷமாக இருந்தது.

டயாட்டம் தேடிப் போகிறவர்கள் தயவுசெய்து வடிகட்டாதீர்கள். வழுக்கும் பாசியைப் பழைய டூத்பிரஷ்ஷால் கடல்தண்ணீரிலேயே தேய்த்து எடுங்கள்; குழாய்த் தண்ணீர் கலக்க வேண்டாம். பாட்டிலை முக்கால் அளவு நிரப்பி, மூடியை இறுக்காமல், வெயில் விழாத ஜன்னலோரம் வையுங்கள். என்னுடையவை இரண்டு நாள் உயிரோடிருந்தன. ஆய்வகம் எப்போது பூட்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை பள்ளி மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடை வைத்துவிட்டு வகுப்பின் முன் நின்றேன். "அன்னைக்குப் பாத்திருக்கேன்னு சொன்னேனே, அது பொய். முந்தாநாள்தான் முதல் தடவையா பாத்தேன்" என்றேன்.

தேன்மொழி எழுந்து வந்தாள். "அது அன்னைக்கே தெரியும் டீச்சர். கொஞ்சம் தள்ளுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க."